பாதிச் சுவரளவு படம்

தம்பி வீட்டு முன்னறையில் அன்று பட்டப்பகலிலேயே இரவை வரவழைத்திருந்தார்கள். துணிக்கடையில் ஆயத்த ஆடைகளைப் பிரித்துத் தைப்பவள் தம்பியின் மனைவி. கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து, ஓரம் அடித்து, இரண்டு ஜன்னல்களையும் மூடியிருந்தாள். தெருவில் போகும் சைக்கிள் மணியும் பேச்சுக்குரலும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல உள்ளே வந்தன.

சோபாவுக்கு முன்னால் கண்ணாடிக்கண் மூன்று வைத்த பெரிய பெட்டி ஒன்று தள்ளுவண்டியில் நின்றது. சிவப்புக்கு ஒரு குழாய், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஏதோ ஓர் அலுவலகக் கூட்ட அரங்கிலிருந்து கழித்துவிட்ட பழைய ப்ரொஜெக்டர். அதைத் தூக்கிவர ஆள் பிடித்தது முதல் வண்டி பேசியது வரை எல்லாம் அக்காதான். அரங்குகளில் ப்ரொஜெக்டர் பொருத்துவது அவள் தொழில். டேப்பை எடுக்கும் முன் முழங்கையை வைத்து ஒரு குத்துமதிப்பு பார்த்துக்கொள்வாள் என்பதால், கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ‘முழம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“எவ்ளோ பெருசா வேணும்?” என்றாள்.

“சுவர் முழுக்க,” என்றான் தம்பி. “டிவிய எட்டி எட்டிப் பாத்து கழுத்தே ஒடிஞ்சிடும்போல இருக்கு.”

“சுவர் பத்தடி. அப்ப பெட்டி பதினஞ்சடி தள்ளி நிக்கணும். சோபாவ பின்னால நகத்து.”

தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நல்ல பலசாலி. சோபாவை ஒரே இழுப்பில் சுவரோடு சேர்த்தான். திரும்பி வந்தபோது தள்ளுவண்டியின் விளிம்பில் முழங்கால் இடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்றான். மனைவி டீ போடச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

குழாய்கள் சூடேறும்வரை எதிலும் கைவைக்கக் கூடாது. மூவரும் டீ குடித்தார்கள். பெட்டி மெல்ல முனகியது. அக்கா விளக்கை அணைத்தாள். சுவரில் மூன்று வலைகள் விழுந்தன. சிவப்புக் கோடுகளால் ஒன்று, பச்சைக் கோடுகளால் ஒன்று, நீலக் கோடுகளால் ஒன்று. ஒன்றோடொன்று ஒட்டாமல், ஓடாத தண்ணீரில் போட்டதுபோல மிதந்தன. அக்கா ரிமோட்டை அழுத்த அழுத்த, சிவப்பு வலை பச்சையின் பக்கம் ஊர்ந்து வந்தது. இரண்டும் தொட்ட இடம் மஞ்சளானது. நீலமும் வந்து சேர்ந்ததும் நடுவிலிருந்து வெள்ளைக் கோடு கிளம்பி, கிளை கிளையாக ஓரம் நோக்கிப் பரவியது. தம்பி மனைவி டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். அவள் முகத்திலும் மூன்று நிறங்கள் ஊர்ந்தன.

“நடுவுல கூட்டல் குறி இருக்கு பாரு,” என்றாள் அக்கா தம்பியிடம். “அதையே பாத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் சுவர்ல மிச்ச இடம் ஒரே அளவா இருக்கானு சொல்லு.”

அவன் தலையை இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினான். கீழே விழுந்த ஊசியைத் தேடுவதுபோல இருந்தது அது. பிறகு வலப்பக்கம் திருப்பினான்.

“சமம்தான்.”

“தலைய திருப்பாம சொல்லுடா.”

“நீ என்ன, கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு பாக்கச் சொல்ற? வீட்டுக்குத்தானே, போதும் விடு.”

அக்காவுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பேசாமல் படத்தின் அகலத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினாள். கோடுகள் சுவரைத் தாண்டி ஜன்னல் துணியில் ஏறின. தம்பி கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அகலத்தைக் குறைத்தாள். ஓரங்கள் ஒரு முழம் உள்ளே வந்தன. மறுபடி கூட்டினாள். மறுபடி குறைத்தாள். சுவர் முழுக்க ஒளி மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கியது.

“எப்பதான் ஆரம்பிக்கப் போற?” என்றான் தம்பி.

அக்கா இன்னும் குறைத்தாள். படம் பாதிச் சுவராகச் சுருங்கும்போதுதான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஏன் இப்ப சின்னதாக்குற?”

அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. தோளில் கை வைத்ததும் திடுக்கிட்டான்.

“எத்தன நாளாடா இப்படி?”

“எப்படி?”

“இவ்ளோ நேரம் படம் விரிஞ்சு விரிஞ்சு சுருங்குச்சு. உனக்குத் தெரியவே இல்ல.”

அவன் எழுந்து பெட்டிக்கு முன்னால் போய்த் திரும்பினான். “என் பொழப்பக் கெடுக்கத்தான் இந்தப் பெட்டியக் கொண்டாந்தியா? என் ரூட்ல நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன் தெரியுமா?”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே கேட்டது. அப்படியே நின்றான். முகத்தில் வெள்ளைக் கட்டங்கள் விழுந்திருந்தன.

“கொஞ்ச நாளாத்தான்,” என்றான். “ஒரு வருஷம் இருக்கலாம். ஓரமெல்லாம் மங்கிக்கிட்டே வருது. போன மாசம் பஸ்ஸோட பக்கக் கண்ணாடிய ஒரு கம்பத்துல தேச்சுட்டேன். பெருசா இருந்தா எல்லாம் தெரியும்னு நினைச்சேன்க்கா.”

டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி அவனுக்கு நேர் எதிரே, ஒளிக்குள் வந்து நின்றாள்.

“நான் பக்கத்துல வந்து நின்னா திரும்பிக்கூட பாக்க மாட்டீங்க,” என்றாள். “தட்ட நீட்டினா வாங்க மாட்டீங்க. தெருவுல எதிர்ல வந்தாக்கூட கண்டுக்காம போனீங்க. என்னப் பிடிக்காம போயிடுச்சுனு நினைச்சேன். ஒரு வருஷமா அப்படியேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

“ஐயையோ,” என்றான் அவன். கை நீட்டி அவள் முகத்தைத் தொட்டான். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அக்காவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் முதுகில் படிந்த கட்டங்கள் மட்டும் குலுங்கின.

“நாளைக்கு நீங்க வண்டி எடுக்கல,” என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான்.

படத்தை அவன் பார்வைக்குள் அடக்க, அக்கா எழுந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். பொத்தானை வைத்துப் படத்தைச் சுருக்கினால் குழாயின் முகத்தில் நடுப்பகுதி மட்டுமே எரியும்; சீக்கிரம் தேய்ந்து தழும்பாகிவிடும். குறைக்க வேண்டியது தூரத்தைத்தான். தள்ளுவண்டியைப் பாதி தூரம் முன்னே உருட்டினாள். இவ்வளவு கிட்டே வந்தால் ஓரத்து இரண்டு குழாய்களும் நடுவை நோக்கி இன்னும் திரும்ப வேண்டும். மறைகளைத் தளர்த்தி, தகடுகளை மாற்றி, சிவப்பையும் நீலத்தையும் உள்பக்கம் சாய்த்தாள். தம்பி டார்ச் பிடித்தான். அவன் மனைவி கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். ஃபோகஸைத் திருப்பியதும் மறுபடி மூன்று வலைகள் மிதந்தன. மறுபடி ஒன்றையொன்று தேடி வந்தன.

“கூட்டல் குறியப் பாரு. நாலு மூலையும் தெரியுதா?”

“தெரியுது,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “எல்லாம் தெரியுதுக்கா.”

ஐந்தடி அகலம். பெரிய சுவரின் நடுவே அந்தப் படம் சுற்றிலும் இருட்டோடு தொங்கியது. அந்தப் பெட்டியின் கறுப்பு நிஜமான கறுப்பு. ஓரத்தில் சாம்பல் கசிவு இருக்காது. படம் எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்று மற்ற இருவருக்கும் தெரியவில்லை. கடலுக்கடியில் எடுத்த ஒரு படத்தை அக்கா ஓடவிட்டாள். மீன்கள் இருட்டிலிருந்து வந்து இருட்டுக்குள் போயின. மூவரும் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பது மெல்லத்தான் குறையும், நீண்ட காலம் தாக்குப்பிடிக்கலாம் என்றார். டெப்போவில் அவனே போய்ச் சொன்னான். மேலாளர் முதலில் கடுகடுத்தார். பிறகு அவனை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, எந்த வண்டி எந்த நேரம் புறப்படும் என்று மைக்கில் அறிவிக்கும் அறையில் போட்டார். ஓட்டும்போதே வாய் மூடாத ஆள். மைக் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? தாமதமாகும் வண்டிகளுக்கு அவன் சொல்லும் சமாதானத்தைக் கேட்கவே சிலர் நின்று போனார்கள். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் நட்டநடு அறையில் நிற்கும் பெட்டியைச் சுற்றி நடந்து, “இவ்ளோ பெரிய பெட்டிக்கு இத்துனூண்டு படமா?” என்றார்கள்.

ஆனாலும் அவன் நெடுநாள் பேருந்தில் ஏறவில்லை. டெப்போவுக்கு நடந்தே போனான், நடந்தே வந்தான். மழை விட்ட ஒரு மாலை, மனைவி டெப்போவுக்கே வந்து அவனைக் கையோடு ஏற்றினாள். ஜன்னல் ஓரத்தை அவனுக்குக் கொடுத்தாள். வண்டி பாலத்தில் ஏறியது.

அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்தான். கீழே ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு மிச்சமிருந்த பார்வை முழுக்கத் தண்ணீர்.

“இந்தப் பாலத்துல தினம் வந்திருக்கேன்,” என்றான். “ஆத்தப் பாத்ததே இல்ல. ரோட்டத்தான் பாப்பேன்.”

“எப்படி இருக்கு?” என்றாள் அவள்.

“இரு,” என்றான். “இன்னும் பாக்குறேன்.”