ஐஸ் பெக்டரிச் சுவரில் அழிந்த அம்புக்குறி

1.

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கள்ளன் என்று சொல்லக்கூடாது பாருங்கள். கல்முனைக்குத் தெற்கே ஒரு கரையூரில் மீன் வாங்கப் போனேன். (ஊரின் பெயரை விடுகிறேன். இந்தக் கரையில் ஐஸ் பெக்டரி வைத்திருக்கிற முதலாளிகள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், மீனும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.) கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஐஸ் பெக்டரிச் சுவரில் ஒரு பலகை. 'ஆபத்து நேரத்தில் இப்பக்கம் ஓடவும்' என்று எழுதியிருந்தது. எந்தப் பக்கம் என்பதை மட்டும் காணவில்லை. அம்புக்குறி இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு அம்புகள் மங்கலாகத் தெரிந்தன. ஒன்று கடலைப் பார்த்தது, மற்றது கடலுக்கு முதுகைக் காட்டியது.

ஏன் இப்படி என்று ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஏன், நீங்க ஓடப் போறீங்களா?" என்றார்.

அவ்வளவுதான் கிடைத்தது. மீதி முழுக்க நான் கட்டியது. கட்டியவனுக்கே வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்று இப்போது தெரியவில்லை.

2.

தொடக்கங்கள்.

'அமோனியா என்பது நிறமற்ற, கார நெடியுள்ள ஒரு வாயு. ஐஸ் உற்பத்தியில் குளிரூட்டியாக—' (பள்ளிக்கூடப் புத்தகம். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

'காற்றுக்குத் தன் திசை தெரியும், மனிதனுக்கோ—' (வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிறவர்களுக்கு மாலை போடும் கூட்டங்களில் நான் பின்வரிசையில் இருந்து நெளிந்திருக்கிறேன்.)

'அஸ்மியா சைக்கிள் கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்பு நாடாவைப் பார்த்தாள். நாடா ஊர்ப்பக்கம் பறந்தது.'

இது இருக்கட்டும். அஸ்மியா யார் என்று சொல்லிவிட்டால் நடக்கலாம். பெக்டரிகளில் இரசாயனம் கசிந்தால் என்ன ஆகும், யாருக்கு ஆகும் என்று மதிப்பிட்டுக் கொடுப்பது அவளுடைய தொழில். ஐஸ் பெக்டரி முதலாளி றிம்சானுக்கு அனுமதியைப் புதுப்பிக்க அப்படி ஒரு மதிப்பீடு தேவைப்பட்டது. கூப்பிட்டார். வந்தாள்.

ஒழுங்கை நேராக இருக்கிறது. இரண்டு பக்கமும் மதில், விலகிப் போகக் குறுக்குப் பாதை கிடையாது. மேற்கு முனையில் மெயின் ரோட், கிழக்கு முனையில் கடல் மணல், நடுவில் ஐஸ் பெக்டரி. பெக்டரிக்கும் கடலுக்கும் இடையில் சில வீடுகள். கடைசி வீடு ஸுஹைறாவுடையது. ஸுஹைறா அஸ்மியாவின் சொந்த ராத்தா, கூடப்பிறந்த அக்கா.*

(*ராத்தாவாக்கியது கொஞ்சம் அதிகம்தான், கதைக்காரன் சாமர்த்தியம் என்று சொல்வீர்கள். ஆனால் இந்தக் கரையில் யாருக்கும் ராத்தா இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், மாற்றிவிடுகிறேன்.)

3.

கணக்கு இலேசானது. பகல் சாய்ந்தால் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும். அந்த நேரத்தில் பெக்டரிக் குழாய் வெடித்தால் நஞ்சு மெயின் ரோட் பக்கமாகப் போகும். கடலோரம் இருக்கிற ஸுஹைறாவுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் இருந்தாலும் சரி, மணலுக்கு இறங்கினாலும் சரி, தப்புவாள். மெயின் ரோட்டுக்கு ஓடினால் பெக்டரி வாசலைத் தாண்டி நஞ்சுக்குள்ளேயே போவாள். நெஞ்சு வெந்துவிடும்.

ஆகவே முதல் அம்புக்குறி கடலைப் பார்த்தது. அஸ்மியா அதை விளக்கப் போனாள்.

"ராத்தா, சைரன் அடிச்சா நீங்க கடற்கரைக்குப் போகணும்."

ஸுஹைறா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்ன புள்ள கதைக்கிறாய்? கடலுக்கா ஓடச் சொல்றாய்?"

"ஓம். காத்து அங்கால இருந்துதானே வருது. மணல்ல நிண்டா ஒண்டும் ஆகா."

"ஒன்ட மச்சானும் கடல் பக்கம்தான் ஓடின. தோணிய இழுத்து வெச்சிட்டு வாறன் எண்டு."

சுனாமி நாளை இந்தக் கரையில் யாரும் பெயர் சொல்லி ஆரம்பிப்பதில்லை, இப்படித்தான் ஆரம்பிக்கும். அன்று தோணிக்குப் போன ஸுஹைறாவின் கணவர் திரும்பி வரவில்லை. அஸ்மியா அப்போது சின்னப் பிள்ளை. ஒரு இடுப்பில் மகளையும் மறு இடுப்பில் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு ஸுஹைறா இதே ஒழுங்கையில் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். மூன்று பேரும் ஹயாத்தோடு, உயிரோடு இருப்பது அந்த ஓட்டத்தால்தான்.

அஸ்மியாவைப் பதில் சொல்ல வைக்கலாமென்று நான் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் மதிப்பீட்டு அறிக்கை மாதிரியே வந்தது.

4.

ஒத்திகை வைத்தார்கள். றிம்சான் புதுசாக ஒரு சைரன் வாங்கி மாட்டினார். பகல் சாய்ந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தெளிவாக அறிவித்தார்கள்: இது கடல் இல்லை, ஐஸ் பெக்டரி ஒத்திகை, பெக்டரிக்குக் கிழக்கே உள்ளவர்கள் கடற்கரைக்குப் போக வேண்டும். எல்லோரும் கேட்டார்கள். மதிலுக்கு மேலால் ஒருத்தி, "மணலுக்குத் தேத்தண்ணி கொண்டு போகவா?" என்று கேட்க, ஒழுங்கையே சிரித்தது. ஸுஹைறாவின் மகள் றுக்ஸானா பிள்ளை பெற்று உம்மா வீட்டில் இருந்தாள், அவளும் சிரித்தாள்.

சைரன் அடித்தது.

'மக்கள் ஒழுங்காகக் கடற்கரையை நோக்கி நடந்தனர்.' (இப்படித்தான் முதலில் எழுதினேன். அறிக்கைக்கு நல்ல வசனம். பொய்.)

அத்தனை பேரும் மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். தேத்தண்ணி கேட்டவள்தான் முன்னுக்கு. ஸுஹைறா பேரனைப் பறித்துக்கொண்டு, மகளின் கையை இழுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினாள். பெக்டரி வாசலில் அஸ்மியா கையை விரித்து நின்று, "அங்கால! கடலுக்கு! கடலுக்கு ராத்தா!" என்று கத்தினாள்.

அடுத்த வரியில் அவளை நான் வாசலில் தேடினேன், இல்லை. மெயின் ரோட்டில், மூச்சிரைக்க, ஒரு திரீவீலருக்கு முன்னால் நின்றாள். கையில் ராத்தாவின் முந்தானை நுனி. எப்படி வந்தாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் எழுதவில்லை, கால் எழுதியது.

"மிஸ், நீங்களுமா?" என்றார் றிம்சான்.

சைக்கிள் பெக்டரி வாசலிலேயே கிடந்தது. சிவப்பு நாடா அவர்கள் நின்ற பக்கமாகத்தான் பறந்தது. நிசமான நஞ்சாக இருந்தால் பிள்ளைதான் முதலில் போயிருக்கும். அஸ்மியாவுக்கு இது தெரியும். ரோட்டோரத்தில் குந்தி அழுதாள்.

5.

இரண்டாவது அம்பை அன்றே கீறினார்கள். எப்படியும் ரோட்டுக்குத்தான் ஓடப் போகிறார்கள், பலகையாவது ஒத்துப்போகட்டுமே என்று. நெஞ்சைச் சுடுகிற கச்சான் காற்றுக் காலத்தில் அது சரியும்கூட, அப்போது காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும், மணல்தான் ஆபத்து. ஆனால் பகல் சாய்ந்து கடல் காற்று திரும்பினால் மறுபடி பிழை. எனக்குத் தலை சுற்றுகிறது. உங்களுக்கு?

(பெக்டரியை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படி ஒரு அத்தியாயம் எழுதினேன். "ஐஸ் தூரப் போனா மீன் நாறும், மறுகா தோணிக்காரர் என்ட வீட்டுக்கு வருவாங்க" என்று றிம்சான் சொன்னார். பாவம், பழுதான வால்வுகளை மாற்றினார். அதையும் எழுதிவிட வேண்டும். வால்வு புதுசானால் வெடிக்காது என்று மட்டும் அஸ்மியா கையெழுத்துப் போடமாட்டாள்.)

றிம்சானே இன்னொரு வழியும் சொன்னார்.

"பெக்டரி கேட்டுக்குக் கடல் பக்கமா ஒழுங்கைக்குக் குறுக்கச் சங்கிலி போடுவம். சைரன் அடிச்சா பூட்டுற. ஓட ஏலாட்டி நிப்பாங்கதானே."

அஸ்மியா ஒரு கணம் தலையாட்டினாள். கணக்குப்படி அது சரி.

"அப்ப கடல் வந்தா?" என்று கேட்டாள் ஸுஹைறா.

அஸ்மியா எழுந்து போய்ப் பலகையில் இரண்டு அம்புகளுக்கும் மேல் வெள்ளை அடித்தாள்.

6.

இனி முடிவு.

அ) சங்கிலி. எழுதமாட்டேன்.

ஆ) குழாய் நிசமாகவே வெடிக்கிறது, கடல் காற்று, சைரன். 'ஸுஹைறா பேரனைத் தூக்கிக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினாள்.' இந்த வசனம் தன்பாட்டில் ஓடியது, ஒரு சொல்லைக்கூட நான் தேடவில்லை. அதன் முடிவில் றுக்ஸானாவோடு சேர்த்து மூன்று பேரும் பெக்டரி வாசலில் கிடந்தார்கள். கிழித்துவிட்டேன்.

இ) அதே நேரம், அதே காற்று. 'ஸுஹைறா பேரனைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி—'

இதை எத்தனையோ தரம் ஆரம்பித்துவிட்டேன். 'ஓடினாள்' என்ற ஒரு சொல்தான் மிச்சம். அதை எழுதினால் அவள் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. கை அந்தச் சொல்லுக்குப் போகவே மாட்டேன் என்கிறது. கெஞ்சியும் பார்த்தேன்.

"கொஞ்சம் நம்புங்க ராத்தா. காத்து சரி, கணக்கு சரி. நான் எழுதுறன், நீங்க போங்க."

ஒழுங்கை நடுவில் பிள்ளையோடு நின்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காக்கா, ஒங்கட வீடு எங்க?" அண்ணன் முறை வைத்துத்தான் கேட்டாள்.

"மெயின் ரோட்டுக்கு அங்கால."

"அதான்" என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். சைரன் அடிக்கிறது. பெக்டரியா கடலா என்று சைரன் சொல்லாது. பிள்ளை வீரிட்டு அழுகிறது. பெயின்ட் வாளியும் தூரிகையும் சுவரடியில் இருக்கின்றன, பலகையில் அம்பு இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. என்னை அவள் இனிக் கேட்கமாட்டாள். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு சும்மா நின்ற உங்களைத்தான் இப்போது பார்க்கிறாள். கெதியாகச் சொல்லுங்கள், எந்தப் பக்கம்?