அஞ்சாவது மதியம்

...அழவில்லையே, ஏன் அழவில்லை, மதியத்து லுஹர் பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாகிறது, இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்க வேண்டியவன், அஞ்சு மாதத்துப் பிள்ளை கபீர், சோற்று வேளை கழிந்தால் சாயங்காலம் அசர் வரைக்கும் காலை மடக்கி வயிற்றோடு இடுக்கிக்கொண்டு கத்துகிறவன், மச்சி வீட்டுக்குப் போனால் மட்டும் வாயடைத்துப் போகிறான் என்றால் அது என்ன மாயம்? உம்மு ஹபீபா பாயில் புரண்டு படுத்தாள். தூங்கத்தான் படுத்தாள், தூங்கு என்றுதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு அனுப்பினாள் மச்சி, பக்கத்தில் மூன்று வயது சபுரா வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள், இவளுக்குத்தான் காது முழுக்க அந்தப் பக்கமே கிடக்கிறது. சுவரைத் தாண்டினால் பொம்பளைகள் மட்டும் போய்வருகிற முடுக்கு, முடுக்கைத் தாண்டினால் மஜீதாவின் பின்கதவு. மஜீதா மச்சி, புருஷனுடைய அக்கா, நல்லவள்தான், யார் இல்லையென்றது... கற்கண்டுத் தண்ணி குடுத்தேன், தூங்கிட்டான் என்பாள், நாலு நாளும் அதே பேச்சு, ஒரு எழுத்து மாறாது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி வேண்டாமா? கற்கண்டுத் தண்ணி குடித்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பெற்றவளின் மாரைத் தொடாமல் முகத்தைத் திருப்புமா? இவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போனது, அவன் ஏப்பம் விட்டுச் சிரித்தான்.

மச்சிக்குப் பிறந்த பெண் பிள்ளை பன்னிரண்டாம் நாள் மவுத்தாகி இன்னும் ஒன்றரை மாதம் ஆகவில்லை. பிள்ளை போனது பாலுக்குத் தெரியுமா, அது பாட்டுக்குச் சுரந்தது, வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டச் சொன்னார்கள், பூக்கார ராக்கு தினமும் காலையில் உதிரிப்பூவைக் கொண்டுவந்து பின்கதவில் கொடுத்துவிட்டுப் போவாள், முடுக்கு முழுக்க கல்யாண வீடு மாதிரி மணக்கும், அந்த மணம் பட்டாலே ஹபீபாவுக்கு அழுகை வரும், அதுவும் உண்மைதான். நேற்று அந்த ராக்குதான் இவள் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "பத்து நாளா அந்தம்மா பூவே வாங்கல தாயி" என்றாள். பத்து நாள். ம் என்றாள் ஹபீபா. வற்றிவிட்டது, அதனால் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே... வற்றியிருந்தால் செவ்வாய்க்கிழமை மச்சியின் சட்டை ஏன் நனைந்திருந்தது, பிள்ளையைக் கொடுக்கும்போது சேலையை ஏன் அப்படி இழுத்து மூடினாள்? சபுரா வேறு, வெண்டைக்காய்க் காம்பை வைத்து விளையாடிக்கொண்டே, மாமி கதவச் சாத்திக்கிட்டா தம்பி அழமாட்டான் என்கிறாள். மூன்று வயசுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கேட்டுவிட வேண்டியதுதானே, என்ன என்று கேட்பது, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், என் பிள்ளைக்குப் பால் கொடுத்தாயா என்று கேட்க எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்? கொழும்பிலிருக்கிற மனுஷனுக்கு எழுதலாம், பாஸ்போர்ட் சட்டம் வந்த பிறகு அவர் ஊருக்கு வருவதே குதிரைக் கொம்பு, இதை எழுதினால் எங்க அக்காவையா சந்தேகப்படுறே என்பார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற நூர் நிஷாவிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தாள். வயிறு நிறைய அஞ்சு தடவை குடித்துவிட்டால் குடுத்தவளும் உம்மாதான், அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள்தான், சட்டம் அதுதான் என்றாள் நூர் நிஷா. அஞ்சு. நாலு என்றால் ஒன்றுமில்லை, நாலு தடவை குடித்தது வழியில் வாங்கிக் குடித்த தண்ணீர், அஞ்சு என்றால் அவனுக்கு இரண்டு உம்மா. நாளைக்கு வளர்ந்து, சம்பாதித்து, பெட்டியோடு கப்பலில் வந்து இறங்குகிறவன் முதல் சேலையை எந்த உம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பான்? போன திங்கள், புதன், சனி, இந்தச் செவ்வாய்... இன்றைக்கு வியாழன். ஹபீபா எழுந்து உட்கார்ந்தாள்.

அந்தத் திங்கள், அல்லாவே, அந்தத் திங்கள் மட்டும் வராமல் இருந்திருக்கலாம். சபுரா சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தாள், மீன் அடிபிடித்தது, இவன் கத்தினான், தோளில் போட்டால் கத்தினான், மாரில் வைத்தால் கடித்துவிட்டுக் கத்தினான், மூன்று ராத்திரியாகக் கண் மூடாதவள் அவனைத் தொட்டிலில் போட்டாள், போட்டாளா எறிந்தாளா, தொட்டில் போய்ச் சுவரில் இடித்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒரு நொடி பயந்து நிறுத்திவிட்டு மறுபடி கத்தினான். இவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், இனி தூக்கினால் இந்தக் கை என்ன செய்யும்? அபிராமத்திலிருந்து வாழவந்தவளுக்கு இந்தக் கடற்கரையில் வேறு யார் இருக்கிறார்கள், பிள்ளையை அள்ளிக்கொண்டு முடுக்கைத் தாண்டி ஓடினாள். மஜீதா பிள்ளையைப் பார்க்கவில்லை, இவள் முகத்தைத்தான் பார்த்தாள். "குடு அவன. போய்ப் படு புள்ள." அவ்வளவுதான். அன்றைக்குத் தூங்கிய தூக்கம், கனவில்லை, காதில்லை, செத்த பிணம் மாதிரி அசர் வரைக்கும், எழுந்தபோது வாயெல்லாம் இனித்தது. பெற்றவளுக்கு அப்படி ஒரு தூக்கம் ஆகுமா?

போதும். சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முடுக்கில் இறங்கினாள். பத்து எட்டு நடை, பத்து எட்டும் ஒரே வாசகத்தை உருப்போட்டாள், என் பிள்ளைய எங்கிட்ட குடுத்துருங்க மச்சி. கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருந்தது. பார்த்தாயா, நெருப்பில்லாமலா புகைகிறது? தட்டினாள். உடனே திறக்கவில்லை, பிறகு திறந்தது. கபீர் தூங்கவில்லை, மஜீதாவின் இடுப்பில் இருந்தான், அவளுடைய சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டே சத்தமில்லாமல் விம்மிக்கொண்டிருந்தான், கன்னமெல்லாம் ஈரம். மஜீதாவின் கண்ணும் அழுதிருந்தது. மஜீதாதான் பேசினாள், முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்குக் குடுக்கல, ஹபீபா. நாலோட நிறுத்திட்டேன். அஞ்சாவது நீ சொன்னாத்தான்."

உம்மாவைப் பார்த்ததும் அவன் விரலைத் துப்பிவிட்டு வீறிட்டான். அந்தச் சத்தத்துக்கு மஜீதாவின் சட்டை நனைந்தது, இவளுடையதும் நனைந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இந்தா, பிடி என்று மஜீதா பிள்ளையை நீட்டினாள். கையை நீட்டு, வாங்கு, அதற்குத்தானே வந்தாய்... கை எழவில்லை. எது நாலு என்று கேட்கவில்லையே நான்? ஒன்றும் அறியாதவள் என்றால் முதலில் அதைத்தானே கேட்டிருப்பாள்? திங்கள், புதன், சனி, செவ்வாய், ஒன்று விடாமல், அந்த முதல் திங்களிலிருந்தே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள், நூர் நிஷாவிடம் கேட்பதற்கு முன்பே, ராக்கு சொல்வதற்கு முன்பே. மச்சியைக் கையும் களவுமாகப் பிடிக்கவா எண்ணினாள், இல்லை, இன்னும் எத்தனை தூக்கம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கவா? மஜீதா பிள்ளையை நீட்டியபடியே நின்றாள்.