செம்பட்டை

ராத்திரி பிறந்த கன்று மறுபடியும் எழப் பார்த்து முகங்குப்புற விழுந்தது. முன்னங்கால்கள் ஊன்றிக்கொண்டன. பின்னங்கால்கள்தான் கணுவில் மடிந்து, வேறு எதனுடையவையோ போல வைக்கோலில் கிடந்தன. கற்பகம் அதன் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். விடிந்ததிலிருந்து இதே வேலை. அவள் புருஷன் தனக்கோடி அன்றைக்குத் தறிக்குப் போகாமல் கால்நடை டாக்டரை வண்டியில் கூட்டிவந்திருந்தான்.

டாக்டர் கன்றின் மூட்டுகளை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டுத் தாய்ப்பசுவைப் பார்க்கத் தொடங்கினார்.

"வாங்கும்போதே இந்த நெறமா?"

"கன்னங்கரேல்னு இருந்துச்சிங்க. சினை புடிச்சதுக்கு அப்புறந்தான் செம்பட்டையாச்சு" என்றாள் கற்பகம்.

கண்ணைச் சுற்றி முடி வெளுத்து, மாடு மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் ஆனபோது தெருவே வந்து பார்த்தது. தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட வேலையை விட்டு வந்து அழகு என்றார்கள். திருஷ்டி பட்டுவிடுமென்று அவள் அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினாள்.

"அது சத்துக் கொறைஞ்சதுக்கு அடையாளம்மா. காப்பர், மாங்கனீஸ் எல்லாம் துளித்துளிதான் வேணும். அது இல்லன்னா வயித்துல இருக்கிற கன்னுக்கு நரம்பு, எலும்பு சரியா வளராது. வெறும் வைக்கோலும் தவிடுமா போட்டீங்க?"

"பசும்புல்லுக்கு எங்கங்க போறது? களம்பூர் ரைஸ் மில்லுலர்ந்து நல்ல தவிடா பாத்துத்தான் வாங்கியாந்தோம்" என்றான் தனக்கோடி. "வயிறு வாடவே வுடல."

அது உண்மை. மாட்டுக்குத் தீனி வைக்காமல் கற்பகம் தன் சோற்றுத் தட்டில் கைவைத்ததில்லை.

தாது உப்புக் கலவையைத் தினமும் தவிட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

"குடுத்தா எழுந்துருமாங்க?"

"மாடு தேறிடும். அடுத்த கன்னு நல்லா பொறக்கும்."

"அப்ப இந்தக் கன்னு?"

வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தவர் மறுபடியும் சோப்பை எடுத்தார்.

"ஊசி போட்டிருக்கேன். பாப்போம். ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

அவரைக் கொண்டுவிட்டு வந்த தனக்கோடி கொட்டகைக்குள் வராமல் வெளியிலேயே நின்றான்.

"எத்தினி நாளிக்கு இப்பிடித் தூக்கிப் புடிச்சிகினு இருப்ப?"

அவள் பழைய நூல்புடவை ஒன்றை மடித்துக் கன்றின் அடிவயிற்றில் கொடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து உயர்த்தினாள். காம்பு வாயில் பட்டதும் கன்று முட்டி முட்டிச் சீம்பாலைக் குடித்தது. அவ்வளவு பசி. பசு திரும்பி அதன் முதுகை நக்கியது. நக்கிக்கொண்டே, நட என்பதுபோல் மூக்கால் நெட்டியது.

கற்பகத்துக்குத் தோள்கள் விட்டுப்போயின. கன்று வாலைச் சுழற்றிச் சுழற்றிக் குடித்தது. அந்த ஆட்டத்தில் அதன் பின்னங்குளம்புகள் தரையைத் தொட்டும் தொடாமலும் ஊசலாடின.