பதினான்காம் குழியின் வலப்பக்கப் புல்

எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில், பதினான்காம் குழிக்குப் போகும் வழியின் வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. அது தானாக வளரவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் நான் கை தூக்கியதால் வளர்ந்தது.

போன முறை மகளிர் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது காற்றே இல்லை. வந்தவர்கள் எல்லாம் கடற்கரையில் காலாற நடப்பது மாதிரி ஆடிவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருந்துகொண்டு சுலபமான மைதானமா? வெட்கக்கேடு. புல்லை வளர்க்கலாமா என்று கமிட்டியில் கேட்டபோது பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். மீதி இருந்தது என் கைதான்.

அந்த மைதானத்துப் புல்லை எல்லாம் பார்த்துக்கொள்வது என் கணவர் மர்டோ. அன்று சாப்பிடும்போது மீன் முள்ளை எடுத்தபடியே ஆரம்பித்தார்.

"எய்லி, சனம் நல்ல அடியைப் பார்க்கத்தான் வருது. புல்லுக்குள்ள பந்து தேடுறதைப் பார்க்க இல்ல."

"போய்யா. எல்லாரும் சுலபமா ஆடிட்டுப் போறதை எவன் பார்ப்பான்? அதுக்கு மீன் கடையில நின்னு வேடிக்கை பார்க்கலாம்."

"நம்ம பொண்ணு அதுக்குள்ள அடிச்சா?"

"அவ ஏன் அடிக்கப்போறா?"

இந்த வருஷம் கடைசி நாளில், பதின்மூன்று குழி முடிந்தபோது எங்கள் மகள் இஷ்பெல் ஒரே ஒரு அடி குறைவாக அடித்து முன்னிலையில் இருந்தாள். கூட ஆடிய அயர்லாந்துப் பெண் விடாமல் துரத்திக்கொண்டிருந்தாள். பந்து விழும் இடத்தைக் காட்ட நான் பதினான்காவதில் கொடி பிடித்து நின்றேன். இஷ்பெல் அடித்த பந்து நேராகத்தான் கிளம்பியது. கடல்காற்று அதை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போய் என் புல்லுக்குள் போட்டது.

உடனே கூட்டம் ஓடி வந்தது. மற்ற குழிகளில் நின்றவர்களும் வந்தார்கள். ஒரு பெரியவர் வாயில் கவ்விய ரொட்டியோடு ஓடினார்.

தேட மூன்று நிமிஷம்தான். கிடைக்காவிட்டால் தண்டனையாக ஓர் அடி சேரும். பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும். நடுவர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அயர்லாந்துப் பெண்ணும் குனிந்து தேடினாள். நானும் கொடியைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

பின்னால் ஒருவன் சொன்னான்: "இப்பத்தான்யா ஆட்டம் சூடு பிடிக்குது!"

அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் கமிட்டியில் நான் பேசியதும் கிட்டத்தட்ட அதே பேச்சுதான். அதைவிட மோசம், இத்தனை வருஷத்தில் ஒரு குழியையும் நான் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

காலடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. "நேரம் முடிஞ்சது" என்ற குரலும் கேட்டது. எது முதலில்? காலை எடுத்தேன். அடையாளத்துக்கு இஷ்பெல் வைக்கும் சிவப்புப் புள்ளியோடு பந்து கிடந்தது.

"நான் சொல்றதுக்கு முன்னாடி தட்டுப்பட்டுதா, பின்னாடியா?" என்று நடுவர் கேட்டார்.

முன்னாடி என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நானும் என் மனசைத் துழாவித் துழாவிப் பார்த்தேன்.

"தெரியல," என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியல."

இஷ்பெல் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கே தெரியலேன்னா நேரம் முடிஞ்சதுதான்," என்று பந்தை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தாள். கூட்டம் கை தட்டியது. அதே காற்றில் அவள் அடித்த அடுத்த அடி மாதிரி ஓர் அடியை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. அழுதுவிட்டேன். பெருமையிலா, குற்ற உணர்ச்சியிலா, அதுவும் விளங்கவில்லை.

கடைசியில் ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றாள். தேநீர்க் கூடாரத்தில் கமிட்டித் தலைவர் கில்கிறிஸ்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு போட்டி இங்க நடந்ததே இல்ல எய்லி! எல்லாம் உன் ஓட்டு!" நான் தேநீரைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மர்டோவிடம், "அந்தப் புல்லை வெட்டிடு," என்றேன். அப்பவே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். புல்வெட்டும் வண்டியைக் கிளப்பினார், நானும் கூடப் போனேன்.

அங்கே இஷ்பெல் நின்றிருந்தாள். ஒரு பை நிறையப் பந்தைக் கொட்டி, அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே அடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா வண்டி?"

"உங்கம்மா வெட்டச் சொன்னா."

"வேணாம். இதை வெட்டிட்டு அடுத்த வருஷம் ஜெயிச்சா, அது என்ன ஜெயிப்பு?"

"உன்னை மறுபடி இதுக்குள்ள பார்க்க என்னால முடியாதுடி," என்றேன்.

"அப்ப பார்க்காதே. மீன் கடையில நில்லு."

மர்டோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "கமிட்டி நீதானே? வெட்டலாம்னா கையைத் தூக்கு."

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோட்டுப் பைக்குள் இருந்த என் கை மேலேயும் வரவில்லை, சும்மாவும் இருக்கவில்லை.