திரும்பி வந்த நூற்று நாற்பத்தாறு

கண்காட்சியின் மூன்றாம் நாள் மத்தியானம்தான் ஹேமநாத் அந்த நோட்டைப் பொய்யால் நிரப்பினான்.

அது 2007ஆம் வருடம். அவனுடைய அப்பா கந்தசாமிக்கு ஆரணியில் பட்டுப்புடவைக் கடை. தீபாவளிப் புது டிசைன்களைப் படம் பிடித்து ஈமெயிலில் அனுப்பினால் சென்னைக்காரர்கள் நேராகவே ஆர்டர் கொடுப்பார்கள் என்று யோசனை சொன்னவன் ஹேமநாத்தான். "அப்ப மெட்ராஸ் கண்காட்சிக்கு நீயே போ. வர்றவங்ககிட்ட ஈமெயில் அட்ரஸ் எழுதி வாங்கிகினு வா. இருநூறாவது வேணும்" என்று அனுப்பி வைத்தார் கந்தசாமி.

முதல் நாளே ஒரு அம்மாள், "எதுக்குப்பா, தினம் குப்பை அனுப்பவா?" என்று கேட்டுவிட்டுக் கூட வந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். அத்தோடு அவனுக்கு வாய் அடைத்துவிட்டது. நோட்டை மேஜை ஓரத்தில் திறந்து வைத்தான், எழுதினவர்கள் எழுதினார்கள். மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. வெறுங்கையோடு போய் அப்பா முன்னால் நிற்பதா? புடவைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பத்மா, ஷோபனா, விஜயா என்று வாயில் வந்த பெயர்களோடு ஏதோ ஒரு எண்ணை ஒட்டி எழுத ஆரம்பித்தான். இருநூறு ஆனதும் பேனாவை மூடினான். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தான்.

கடையில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க இனியாவுடையது. சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள்தான். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருநூறு முகவரிகளையும் இரண்டு நாளில் டைப் அடித்தாள். மொத்தமாக மெயில் அனுப்பித் தருகிற ஒரு கம்பெனி மூலம் திங்கட்கிழமை காலையில் அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் நூற்று நாற்பத்தாறு திரும்பி வந்துவிட்டன. மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்தும் ஒரு கடிதம்: இவ்வளவு மெயில் திரும்புகிறதென்றால் முகவரிகளில் ஏதோ கோளாறு, காரணம் தெரியும்வரை உங்கள் கணக்கை நிறுத்தி வைக்கிறோம்.

கந்தசாமிக்கு ஒன்றுதான் புரிந்தது: டைப் அடித்ததில் தப்பு. கடையில் செய்யாறிலிருந்து வந்த கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் எதிரிலேயே இனியாவைக் கூப்பிட்டார்.

"கண்ண எங்கம்மா வெச்சிகினு டைப் அடிச்ச? எம் புள்ள மூணு நாள் கால் கடுக்க நின்னு வாங்கியாந்தது. எல்லாம் பேஜார் பண்ணிட்டியே."

இனியா ஹேமநாத்தைப் பார்க்கவில்லை. "செக் பண்றேங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள். ஹேமநாத் பிரித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டத்தில் யாரோ விலை கேட்டார்கள். அவன் விலை சொன்னான்.

இரண்டு நாள் அவள் திரும்பி வந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், கந்தசாமி பாவு நூல் பார்க்க வெளியே போயிருந்தபோது, ஒரு தாளோடு ஹேமநாத்திடம் வந்தாள்.

"சார், எல்லாம் ஒரே காரணத்துக்குத் திரும்பல. ஒவ்வொண்ணும் ஏன் வந்திச்சினு அதுலயே எழுதியிருக்கு. ஒம்பது பேருக்கு மெயில் பெட்டி நிரம்பிப்போச்சி, அப்புறமா அனுப்புனா போயிடும். நாலு என் தப்பு, எழுத்து மாத்தி அடிச்சிட்டேன். அத சரி பண்ணிட்டேன்."

"மீதி?"

"நூத்தி முப்பத்தி மூணு. அந்தப் பேர்ல ஆளே கிடையாதுன்னு வருது." நோட்டைத் திறந்து வைத்தாள். "எல்லாம் இந்தப் பக்கத்துல ஆரம்பிச்சி கடைசி வரைக்கும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து சார்."

அவனால் நோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"சொல்லாத இனியா. நான் எப்படியாவது பாத்துக்கறேன்."

அவள் நோட்டை மூடினாள். பிறகு, "நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா அன்னிக்கி அவ்ளோ பேர் எதிர்ல திட்டு வாங்குனது நானு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும். அன்று சாயந்திரம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிப்போன பிறகு அப்பாவிடம் சொன்னான். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

கந்தசாமி கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அத ஏன்டா அந்தப் பொண்ணு போன அப்புறம் சொல்ற?"



"நாளைக்கு எல்லாரும் இருக்கும்போது சொல்லு. நான் எல்லார் எதிர்லதான் திட்னேன்."

மறுநாள் கணக்குப்பிள்ளை வேணுகோபாலும், புடவை கொடுக்க வந்த இரண்டு நெசவாளர்களும் இருந்தார்கள். ஹேமநாத் சொன்னான். பாதியில் தடுமாறினான். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நெசவாளர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. கந்தசாமி இனியாவைப் பார்த்து, "விசாரிக்காம பேசிட்டேம்மா. மனசுல வெச்சிக்காத" என்றார்.

"சரிங்க ஐயா" என்றாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அவனைக் கூப்பிட்டாள். "சார், கணக்கைத் திறக்கணும்னா அந்தக் கம்பெனிக்கு காரணம் எழுதணும். இன்னானு போடட்டும்?"

அவள் பின்னால் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தான். "எங்கள் கடை ஊழியர் ஒருவர் தவறுதலாக..."

விசைப்பலகையில் அவள் விரல்கள் நின்றன.

"ஊழியர்னு போட்டா நான்னு ஆயிடும் சார். தவறுதலாவும் இல்ல."

திரையில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. 

"கடை உரிமையாளரின் மகன் ஹேமநாத், இல்லாத முகவரிகளைத் தானே எழுதினார்னு போடு."

அவள் அதை அப்படியே அடித்தாள். ஒரு முறை படித்துப் பார்க்கச் சொன்னாள், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று. இல்லை என்றான். கடிதம் போயிற்று. தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கணக்கைத் திறந்துவிட்டார்கள்.