மூன்று இருமலுக்குள்

எண்ணெய் சூடேறியதும் கைபேசி அதிர்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. ஹேவொனின் இரண்டு கைகளும் முட்டைக் கரைசலுக்குள் இருந்தன.

"அதைக் குப்புறப் போடு. எண்ணெய் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றார் மாமியார்.

"ஒரே நிமிஷம் அத்தை. பயிற்சிக்காரங்க அனுப்பியிருக்காங்க."

"செத்தவரு வருஷத்துக்கு ஒருவாட்டிதான் சாப்பிட வர்றாரு. அவரைவிட உன் பயிற்சி ஒசத்தியா?"

ஹேவொன் சுரைக்காய்த் துண்டு ஒன்றை மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் போட்டாள். முழங்கையால் கைபேசியைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். 'இன்று வருகிறீர்கள்தானே? காத்திருப்போர் பலர். மதிய அமர்வு தொடங்கும்போது காலியாக இருக்கும் நாற்காலி அடுத்தவருக்குப் போய்விடும்.'

அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் புச்சொன் நகரில் இலவசம் என்று ஒன்றை அறிவித்தால் முதல் நாளே நாற்காலி எல்லாம் பதிவாகிவிடும். அன்றைக்குப் பார்த்தால் பாதி அரங்கு காலியாக இருக்கும். காசு கொடுக்காத இடத்துக்குப் போகாமல் இருப்பதும் ஒரு லாபம் என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். அதனால்தான் அவர்கள் இவ்வளவு கறாராகிவிட்டார்கள்.

நூலக மாடியில் நடக்கிறது அந்தப் பயிற்சி. மென்பொருள் எழுதிக்கொண்டிருந்து, பிள்ளை பெற்று, வேலையை விட்டு, திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்காகச் சில தன்னார்வலர்கள் நடத்துவது. காலையில் பேச்சு. மதியம் இரண்டு பேருக்கு ஒரு கணினி. உட்கார்ந்து சின்னதாக ஒரு செயலி எழுத வேண்டும். அதைப் பார்க்கச் சில கம்பெனிக்காரர்கள் வருவார்கள். எழுதி முடித்தவர்களை நேரே நேர்காணலுக்குக் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். 'இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்வி மட்டும் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அந்தக் கேள்வியை ஹேவொனிடம் நிறைய இடங்களில் கேட்டுவிட்டார்கள். 'ஜோன் சுட்டேன்' என்பதுதான் உண்மையான பதில். காயையும் மீனையும் மாவு முட்டையில் தோய்த்துச் சுடுகிற இந்த ஜோன் இல்லாமல் எந்த முன்னோரும் படையலுக்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு எந்தக் கம்பெனியிலும் மதிப்பெண் கிடையாது.

இன்றைக்குத் தாத்தாவுக்குப் படையல். அதாவது அவள் கணவன் தேஹ்வானின் தாத்தாவுக்கு. மாமியாருக்கு முட்டி வலி வந்ததிலிருந்து மூத்த மகன் வீட்டுக்கு, ஆறாவது மாடிக்கு, தாத்தா இடம் மாறியிருந்தார். அவர் இறந்த திதி இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை வந்தது. முறைப்படி வியாழன் இரவுதான் படைக்க வேண்டும். ஆனால் சின்ன மகன் தேசொக்குக்கு அன்று அலுவலக விருந்து. சனிக்கிழமை சாயங்காலம் வெளிநாட்டுக்கு கோல்ஃப் ஆடப் போகிறான். ஆகவே சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. தாத்தா மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமே மாமா? சனிக்கிழமை எனக்குப் பயிற்சி இருக்கு" என்று அவள் கேட்டபோது, மாமனார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, தாத்தா என்ன உன் இஷ்டத்துக்கு ஆடற ஆளா?"

அவள் கணவனைப் பார்த்தாள். தேஹ்வான் கெட்டவன் இல்லை. குப்பைப் பையைக் கீழே கொண்டு போடுவான், சில சமயம் சொல்லாமலேகூட. ஆனால் அன்று அவன் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. அதே பயிற்சியில் காலையில் பேச அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனும் மென்பொருள்காரன், ஒரு குழுவுக்குத் தலைவன். மனைவியை மகள் சோலின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன், சோல் அம்மா. பேசிட்டுப் படையலுக்குள்ள வந்துடுவேன். ரெண்டு பேரும் போயிட்டா வீட்டை யாரு பாக்கறது, நீயே சொல்லு?"

நியாயமான கேள்விதான். எல்லா வீட்டிலும் கேட்கப்படுவது. பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான்.

"பூண்டு தொட்ட கையா?" மாமியார் முகர்ந்து பார்த்தார். ஆவிகளுக்குப் பூண்டு ஆகாது, மிளகாயும் ஆகாது.

"கழுவிட்டேன் அத்தை."

"சின்ன மருமகளைப் பாரு, பேரிக்காய்ப் பெட்டி அனுப்பியிருக்கா. பெருசு பெருசா."

"அவ வரலையா?"

"அவ வேலைக்குப் போறவ இல்லையா? வாரம் பூரா பேங்க்ல நின்னுட்டு, பாவம்."

ஹேவொனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து விடுபட வேலை வேண்டும். வேலை கிடைக்க அடுப்படியிலிருந்து விடுபட வேண்டும். ஒரு நிரல் தன்னைத் தானே கூப்பிட்டு, மறுபடி தன்னையே கூப்பிட்டு, வெளியே வர வழியில்லாமல் சுற்றும். அந்தக் காலத்தில் அப்படிச் சுற்றுகிறவற்றை நிறுத்துவதுதான் அவள் வேலை.

"எதுக்குடி சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தை. மீன் திருப்பணும்."

"படையல் முடிஞ்சதும் போயேன். யாரு தடுத்தா?"

யாரும் தடுக்கவில்லை. படையல் முடிந்ததும் பரிமாற வேண்டும். ஆண்கள் முன்னோர் குடித்து மிச்சம் வைத்த மதுவைக் குடித்துவிட்டு, முன்னோர் குடிக்காததையும் குடிப்பார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கி, துடைத்து, மீந்ததைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அப்புறம் தாராளமாகப் போகலாம். நூலகத்தில் காவலாளி மட்டும் இருப்பார்.

கூடத்தில் மாமனார் தூரிகையால் பெயர்த்தாள் எழுதிக்கொண்டிருந்தார். படையல் மேசையின் தலைமாட்டில் நிற்க வைக்கிற தாள். அதில்தான் இறந்தவர் வந்து உட்காருகிறார். தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் அரசுப் பதவி வகிக்காத ஆணுக்கெல்லாம் தாளில் 'மாணவர்' என்று எழுதுவது எங்கள் வழக்கம். பள்ளிக்கூடம் பார்க்காத தாத்தா செத்த பிறகு வருஷா வருஷம் மாணவர். அவர் பக்கத்தில் பாட்டி.

ஹேவொன் மீன் தட்டை மேசைக்குக் கொண்டு போனபோது தாளைப் பார்த்தாள். திரும்பி வந்து கேட்டாள்.

"அத்தை, பாட்டி பேரு என்ன?"

"எழுதியிருக்குமே. கிம்ஹே கிம் வீட்டுப் பொண்ணு."

"அது குலம். பேரு?"

மாமியார் எள்ளெண்ணெய்ப் புட்டியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"கூடவே இருந்தேன், குளிப்பாட்டிக்கூட விட்டேன். பேரு கேக்கலை. அம்மான்னுதான் கூப்பிட்டேன்."

"உங்களுக்கு என்ன எழுதுவாங்க?"

"மில்யாங் பார்க் வீட்டுப் பொண்ணுன்னு. தூரிகை பிடிக்கிறவனுக்குச் சுலபம்." சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "கேள்வி கேக்காம முள்ளங்கிச் சூப்பைப் பாரு."

அப்போதுதான் மாமியாரின் கைபேசி கிணுகிணுத்தது. குடும்பக் குழுவில் தேஹ்வான் படம் அனுப்பியிருந்தான். மேடையில் கழுத்தில் அட்டை தொங்க, கையில் ஒலிவாங்கியோடு நிற்கிறான். கீழே எழுதியிருந்தான்: 'செம கைதட்டல்! உங்களைத் தடுக்கிறது திறமைக் குறைவு இல்லை, வீட்டாரோட மனசுதான்னு சொன்னேன். என் மனைவியும் இந்தத் துறைதான், வீட்டுக்காகத் தியாகம் பண்ணியிருக்கான்னு சொன்னேன். பல பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.'

"பாத்தியா, உன்னைப் பத்தியும் சொல்லியிருக்கான்!" மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இன்னொரு படத்தை விரித்தார். மேடையிலிருந்து அரங்கை எடுத்த படம். "இது என்ன, எல்லாரும் நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க, நடுவுல ஒரு நாற்காலி மட்டும் சும்மா கிடக்கு?"

ஹேவொன் எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. அதன் முன்னால் மேசையில் மடித்து நிறுத்திய ஒரு வெள்ளை அட்டை.

மாமியார் படத்தைப் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டுவதுபோல் மெல்லப் படித்தார். "ஓ... ஹேவொன்." 'ஓ' அவள் பிறந்த குலத்தின் பெயர். மாமியார் நிமிர்ந்தார். "உன் முழுப் பேரையும் போட்டிருக்கான்!"

"ஆமா அத்தை."

கூடத்தில் ஒரு தாள், ஆள் இல்லாத இடத்தில் பெயரைத் தாங்கி நின்றுகொண்டிருந்தது. நூலகத்தில் இன்னொன்று. ஆள் வராமல் தாள் மட்டும் நிற்பது செத்தவர்களுக்குத்தான் என்று ஹேவொன் அதுவரை நினைத்திருந்தாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, குப்புறக் கிடந்த கைபேசியை எடுத்து ஒரே வார்த்தை தட்டி அனுப்பினாள். 'வருகிறேன்.'

எப்படி என்று அவளுக்கே தெரியாது.

தேஹ்வான் வந்துவிட்டான். அட்டையைக் கழற்றாமலேயே கோட்டு மாட்டிக்கொண்டான். தேசொக் பயணப் பெட்டியோடு வந்து அதைச் செருப்பலமாரி ஓரம் சாய்த்து வைத்தான். வாசற்கதவுக்கு எண் பூட்டு. தாத்தாவுக்கு எண் தெரியாது. அதனால் மாமனார் தன் காலணி ஒன்றைக் கதவிடுக்கில் செருகி, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து வைத்தார்.

"தாத்தா தாராளமா வரலாம்" என்றான் தேசொக்.

"வாயை மூடு. விளையாட்டா இது?" என்றார் மாமனார்.

ஊதுவத்தி ஏற்றினார்கள். மது ஊற்றினார்கள். ஆண்கள் மூவரும் விழுந்து கும்பிட்டார்கள். பெண்கள் அடுப்படி வாசலில் நின்றார்கள். அந்த வீட்டில் பெண்கள் கும்பிடுகிற வழக்கமில்லை. மூன்று நாளாக வாங்கி, ஊற வைத்து, அரிந்து, சுட்டு அடுக்கியது யார் என்று தாத்தாவுக்குச் சொல்லவும் வழக்கமில்லை. குழந்தை சோல் உள்ளறையில் கார்ட்டூனைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாமனார் தாத்தாவின் சோற்றில் கரண்டியை நட்டு நிறுத்தினார். இனிமேல் அவர் சாப்பிடுகிற நேரம். சாப்பிடுகிறவரை யாரும் பார்க்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது. பார்த்தால் கூச்சப்பட்டுப் பாதியில் எழுந்து போய்விடுவாராம். மூவரும் நெற்றியைத் தரையில் பதித்துக் குப்புறக் கிடந்தார்கள். மூத்தவர் மூன்று முறை இருமிய பிறகுதான் எழுந்திருக்கலாம். நானும் இப்படிக் கிடந்திருக்கிறேன். அந்த நேரத்தில் பக்தி வருவதில்லை. சோபாவுக்கு அடியில் காணாமல்போன காலுறைதான் கண்ணில் படும்.

பெண்கள் கும்பிடக் கூடாது. ஆகவே பெண்கள் குப்புற விழவும் வேண்டியதில்லை. அந்த வீட்டில் அப்போது நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

ஹேவொன் சமையல் மேலங்கியை உருவி, படுக்கையறைக்குள் போய், மடிக்கணினிப் பையோடு வெளியே வந்தாள். அடுப்படியைத் தாண்டும்போது மாமியார் பார்த்துவிட்டார். இருவர் கண்ணும் சந்தித்தன. கத்தலாம், ஆனால் தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு ஒரு விரலால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். ஹேவொன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த மாவு. துடைத்துக்கொண்டாள்.

கூடத்தைக் கடந்தாள். தேஹ்வானுக்குக் கடைக்கண்ணில் இரண்டு சாம்பல் நிறக் காலுறைகள் போவது தெரிந்தது. தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அடுப்படி எந்தப் பக்கம் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அவள் ஆண்களின் காலணிகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடி எடுத்தாள். தாத்தாவுக்காகத் திறந்து வைத்த இடுக்கில் உடம்பைத் திருப்பி வெளியே போனாள். மாமனாரின் காலணி அசையவில்லை.

மாமனார் இருமினார். ஒன்று. இரண்டு. மூன்று.

எல்லோரும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்கள். அடுத்து சூப்பை எடுத்துவிட்டு முன்னோருக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும். தேஹ்வான் திரும்பாமலேயே கையை நீட்டினான்.

"சோல் அம்மா, தண்ணி."

கை அப்படியே நின்றது.

"சோல் அம்மா!"

"அவ இல்ல" என்றார் மாமியார். அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னா? எங்க போனா?"

"நீதானப்பா காலையில மைக் பிடிச்சு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்ட. கூப்பிட்ட மரியாதைக்குப் போயிருக்கா."

"கதவுச் சத்தமே கேக்கலையே!" என்றான் தேசொக்.

"அதான் உங்கப்பா திறந்து வச்சிருந்தாரே."

மாமனாரின் முகம் சிவந்தது. "பெரியவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப... என்ன பழக்கம் இது! சரி, தண்ணி யாரு கொண்டாறது இப்ப?"

"எனக்கு முட்டி வலி" என்றார் மாமியார்.

மூன்று ஆண்களும் அடுப்படியைப் பார்த்தார்கள். வெளியூர் ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் பலகையைப் பார்ப்பதுபோல. பிறகு தேஹ்வான் உள்ளே போனான். கழுத்து அட்டை ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் இடித்தது. ஒன்றைத் திறந்தான், கடற்பாசி. இன்னொன்றைத் திறந்தான், சோலின் பழைய பால்புட்டிகள். இருபது வருஷத் தவணையில் அவன் கட்டிக்கொண்டிருக்கிற வீடு.

"அம்மா, அந்தப் பித்தளைக் கிண்ணம் எங்க இருக்கு?"

"தேடு" என்றார் மாமியார்.

கூடத்தில் கரண்டி சோற்றில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. தாத்தா காத்திருந்தார். அவருக்கு அது பழக்கமில்லை. பக்கத்தில் இருந்த கிம்ஹே கிம் வீட்டுப் பெண்ணுக்குப் பழக்கம்தான்.