வெண்கலம் திரும்பி வரும்

புதிய ‘அந்தரப் பயணிகள்’ படத்தின் முதல் நாள் முதல் காட்சியில், இடைவேளைக்குச் சற்று முன்பு, படம் பிடிக்காதவர்கள் எல்லோரும் இருக்கையை விட்டு மேலே எழும்பினார்கள். எழும்பியவர்கள் இறங்கவில்லை. தியேட்டர் மேலாளர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழ் வகுப்புக்குச் சீட்டு வாங்கியவர்கள் பால்கனி உயரத்தில் உட்கார்ந்து பார்ப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். உட்காரவில்லை, மிதக்கிறோம் என்று அவருக்கு விளக்கம் சொல்லப்பட்டது. எல்லோரையும்விட உயரத்துக்குப் போனவர் லிஃப்ட் மெக்கானிக். கூரையில் முதுகை முட்டிக்கொண்டு புரொஜக்டர் வெளிச்சத்தின் குறுக்கே கிடந்ததால், இரண்டாம் பாதி முழுக்க விண்வெளித் தலைவியின் முகத்தில் அவருடைய பேன்ட்டின் நிழல் விழுந்தது. படம் பிடித்தவர்களுக்கு அந்த ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை.

தகராறெல்லாம் ஒரு சொல்லில்தான் இருந்தது. மெக்கானிக் மீசை முளைத்த வயதில் பார்த்த பழைய ‘அந்தரப் பயணிகள்’ படத்தில், கிரகத்தில் தனியாக விட்டுப்போகும் ஆட்களைப் பார்த்துத் தலைவன் “விண்கலம் திரும்பி வரும்” என்று சொல்லியிருக்க வேண்டும். தமிழில் குரல் கொடுத்தவருக்கு அன்றைக்குப் பல்வலியோ பசியோ, “வெண்கலம் திரும்பி வரும்” என்று சொல்லிவிட்டார். யாரும் கவனிக்காமல் படம் அப்படியே வெளியாகி, சொல் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் சட்டைப் பையில் ஆளுக்கொரு வெண்கலத் துண்டோடு திரிந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், அந்தக் கலமே வெண்கலத்தில் வார்த்ததுதான், அதற்குப் படத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்று வருஷக்கணக்கில் வாதாடினார். அது வெள்ளைப் பிளாஸ்டிக் என்பது படம் பார்த்த எவருக்கும் தெரியும். மெக்கானிக் வாதத்துக்கெல்லாம் போகாமல் வசனத்தைப் பிழைப்போடு சேர்த்துக்கொண்டார். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்கு, “பயப்படாதீங்க, வெண்கலம் திரும்பி வரும்” என்று மேலேயிருந்து குரல் கொடுப்பார். அர்த்தம் புரியாவிட்டாலும் அலறல் நின்றுவிடும். ஒரே மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இவர் “வெண்கலம்” என்பார். “திரும்பி வரும்” என்று கத்திவிட்டு அவள் ஓடுவாள். விண்கலம் என்று ஒரு சொல் இருப்பதே அவளுக்கு நாலாம் வகுப்பில்தான் தெரிந்தது. அப்போதும் டீச்சர்தான் தப்பாக எழுதிப்போடுகிறார் என்று நம்பினாள்.

புதிய படத்தில் தலைவனுக்குப் பதிலாகத் தலைவி. அதை அவர் பொறுத்துக்கொண்டார். கலம் கறுப்பாகிவிட்டிருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்தார். பிறகு தலைவி வாயைத் திறந்து, பிழையே இல்லாமல், “விண்கலம் திரும்பி வரும்” என்றாள். மெக்கானிக்குக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, “யாருய்யா இதுக்குக் குரல் குடுத்தது? தகர டப்பாவ ரோட்டுல உருட்டிவிட்ட மாதிரி இருக்கு!” என்று அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். கைதட்டல் எழுந்தது, கைதட்டியவர்களும் கூடவே எழுந்தார்கள். பக்கத்து இருக்கையில் மகள் உட்கார்ந்திருந்தாள். பற்பசை விளம்பரத்துக்கும் பெயிண்ட் விளம்பரத்துக்கும் குரல் கொடுத்துப் பிழைத்து வந்தவள். வா வா என்று நச்சரித்து அவரைப் படத்துக்குக் கூட்டிவந்ததே அவள்தான், காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

“நான்தாம்பா குடுத்தேன்” என்றாள்.

அவருக்கு நன்றாகவே கேட்டது. அதற்குள் கால் தரையை விட்டுவிட்டது, சொன்ன சொல்லும் வாயை விட்டுவிட்டது. மேலே போகிற வழியில் கழன்று விழுந்த அவருடைய செருப்புகளை அவள் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, படம் முடியும்முன் வெளியே போனாள். அன்று சாயங்காலமே துணிமணிகளை எடுத்துக்கொண்டு தோழியின் அறைக்குக் குடிபோய்விட்டாள். செருப்பும் அவளோடு போயிற்று.

மிதப்பது மெல்ல மெல்லப் பழகிப்போனது. ஜெராக்ஸ் கடைக்காரர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மெஷினில் முடிந்துகொண்டு வியாபாரம் பார்த்தார். காகிதம் சிக்கினால் கயிற்றைப் பிடித்துத் தலைகீழாக இறங்குவார். ரசிகர் மன்றம் கூரையிலேயே கூட்டம் போட்டு, பையிலிருக்கும் வெண்கலத்தின் எடையைக் கூட்டினால் இறங்கிவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பை கிழிந்ததுதான் மிச்சம். மேலேயிருந்து சாவியும் மூக்குக்கண்ணாடியும் விழுந்தபடி இருந்ததால், படம் பிடித்தவர்கள் வெயில் இல்லாவிட்டாலும் குடையோடு போனார்கள். அடுத்த பாகத்தின் ட்ரெய்லர் வந்தபோது சிலருக்கு ஆசை பிறந்து, சத்தமில்லாமல் இறங்கி, பிறந்ததிலிருந்து தரையிலேயே இருந்தவர்கள் மாதிரி நடந்துபோனார்கள். மெக்கானிக் இறங்கவில்லை. லிஃப்டின் உச்சியில் இருக்கும் மோட்டார் வேலைக்கு அவருக்கு ஏணி மிச்சமாயிற்று. அடிக்குழி வேலையைக் கூட்டாளியின் தலையில் கட்டினார். வீடு திரும்பும்போது, துணி உலர்த்தும் கொக்கிக் கம்பால் மனைவி அவரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துப் போடுவாள். “படம் எடுத்தவன் நிம்மதியாத் தூங்கறான், எனக்குத்தான் தோள்பட்டை வலி” என்பாள்.

மகள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். மனைவி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள்.

“எறங்கிட்டாரா?”

“இல்லடி.”

“சரி.”

கூரையில் முதுகு ஒட்டியபடி அவர் அந்தச் ‘சரி’க்காக வாரம் முழுக்கக் காத்திருப்பார். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். கேட்கப்போனால் படம் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டி வருமோ என்ற பயம். பொய் சொன்னால் அவர் குரலை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள், அவள் தொழிலே அது. மகள் இல்லாத வீட்டை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிறன்று போனை வைத்ததும் மனைவி பொறுமையிழந்து கத்தியைக் கீழே போட்டாள். “அந்த ஒரு வரிக்கு அவ என்ன பாடு பட்டிருக்கா தெரியுமா? வாயத் தொறந்தா வெண்கலம் வெண்கலம்னே வந்துச்சாம். பேச வச்ச டைரக்டர் தலையில அடிச்சுக்கிட்டாராம். கடைசில ‘வெ... விண்கலம்’னு வந்ததுல முன்னால இருந்த எழுத்த வெட்டிட்டு மிச்சத்த ஒட்டினாங்களாம். யாரு வளத்த வளப்பு அது?”

மறுநாள் மெக்கானிக் வேலைக்குப் போகாமல் மதியக் காட்சிக்குப் போனார். படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்குவதாக இருந்தார்கள், ஆளே இல்லை. சீட்டுக் கொடுப்பவர் “மேலயா, கீழயா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிழித்துக் கொடுத்தார். மெக்கானிக் கூரையோர ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். லிஃப்ட் கயிற்றில் ஓர் இழை தேய்ந்தாலும் காதால் கண்டுபிடிக்கிற ஆள் அவர். அந்த வரி வந்தது. ‘விண்கலம்’ என்பதற்கு முன்னால், மூச்சு என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு, வெட்டியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ‘வெ’ இருந்தது. அது அவர் வீட்டு வாசலில், புத்தகப் பையோடு ஓடியவளுக்குத் தினமும் அவரே சொல்லிக்கொடுத்த ‘வெ’. மெக்கானிக் விசும்பி அழுதார். அழுதபடியே இறங்கினார். பால்கனியைத் தாண்டி, வெளிச்சத்தைத் தாண்டி, தலைவியின் முகத்தில் கடைசியாக ஒருமுறை நிழலை விட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றார். அதற்குக் கீழே இம்மியும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அவரே மகளுக்குப் போன் செய்தார். “கிட்டத்தட்ட எறங்கிட்டேம்மா” என்றார். “வரேன்” என்று அவள் வைத்துவிட்டாள். வந்தவள் வாசலில் நின்று, அவர் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை முதலில் பார்த்தாள்.

“இன்னும் முழுசா எறங்கலையா?”

“படம் பிடிக்கலம்மா. அதுல மாத்தமில்ல.”

“குரல்?”

“வெண்கலம்” என்றார்.

“திரும்பி வரும்” என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவளால் கோபமாக இருக்க முடியவில்லை. பையைத் திறந்து, செருப்புகளை எடுத்து, அவர் பாதங்களுக்கு நேர் கீழே வைத்தாள்.

அந்த ஒரு சாண் பிறகு குறையவே இல்லை. அடுத்த பாகம் வந்தபோது இரண்டு விரல் கூடியது. மகள் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கதைக்கு அது குறைவுதான் என்று அப்பாவோடு ஒத்துப்போனாள். வீடு பெருக்கும்போது அவரை நகரச் சொல்ல வேண்டியதில்லை என்பது மனைவிக்கு வசதியாக இருந்தது. செருப்பை மட்டும் தள்ளிவைத்துப் பெருக்கிவிட்டு, மறுபடி அவர் காலுக்குக் கீழே வைத்துவிடுவாள்.